ஓர் அங்குல மனிதன்

சில மாதங்களாக நான் நாவல்கள் படித்த நேரத்தைவிட, பிளாஸ்டிக்கில் செய்த சின்னஞ்சிறு யுத்த விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிறுபிள்ளைத்தனம் என்று அவர்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. என் வயதை உத்தேசித்து வாயால் சொல்வதில்லை. ஆனால் யதார்த்தம், யதார்த்தம் என்று நாம் இலக்கியத்தில் ஓயாமல் சர்ச்சை செய்துகொண்டிருக்கிறோமே, அந்த விஷயம் இவ்வளவு அப்பட்டமாக, கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்படி, எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. ஆகவே இதுவும் ஒருவகை இலக்கிய விமர்சனம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொள்ள மனமில்லாதவர்கள் விளையாட்டுச் சாமான் விமர்சனம் என்றே படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சற்றுச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் என்று ஒரு கம்பெனி. 1939இல் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் ஆரம்பித்தது. முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள் செய்தார்கள், பிறகு சீப்புகள். 1952இல் டிரேக் என்பவர் உலகைச் சுற்றிவந்த கோல்டன் ஹைண்ட் கப்பலைத் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக்கில் வார்த்து, பையில் போட்டு, வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்குகிறவன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். கப்பல் விற்றது. அடுத்த சில வருஷங்களுக்குள் ஸ்பிட்பயர் விமானம் வந்தது. அதன் பிறகு உலகத்தில் பறந்த, பறக்க முயன்ற எந்த விமானத்தையும் இந்தக் கம்பெனியும் இதன் போட்டிக் கம்பெனிகளும் விட்டுவைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பையைப் பிரித்தால் விமானம் இருக்காது. கொடியில் காய்த்த மாதிரி, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கை, வால், சக்கரம், நாற்காலி எல்லாம் தொங்கும். ஒவ்வொன்றையும் கத்தியால் அறுத்தெடுத்து, காம்பு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பசை போடாமல் முதலில் சும்மா பொருத்திப் பார்த்து, பிறகு ஒட்ட வேண்டும். இந்தப் பசையின் குணம் விசேஷமானது. தபால்தலைப் பசையைப்போல நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி, ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகப் போய்விடுகிறது. நல்ல தரகன் லக்ஷணம். அதிகம் போட்டால் இளகினது இளகினதுதான். விரல் ரேகை விமானத்தின்மேல் சாசுவதமாக இருந்துவிடும்.

இந்த விமானங்களில் பெரும்பாலானவை அசலில் 72இல் ஒரு பங்கு. ஏன் எழுபத்திரண்டு? நூறு, ஐம்பது என்று முழு எண் அகப்படவில்லையா? கணக்கு சுலபம். ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிறான். 1930களிலேயே இங்கிலாந்தில் மரத்தாலான மாதிரிகளுக்கு இந்த அளவு வந்துவிட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில், வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று சிப்பாய்களுக்குப் பழக்குவதற்கும் இந்த அளவிலேயே மாதிரிகள் செய்தார்கள். 36 அடி 10 அங்குலம் அகலமான ஸ்பிட்பயர் இதில் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல். நீளம் ஐந்து அங்குலம். உள்ளங்கையில் அடங்கிவிடும். விமானத்துக்காக ஏற்பட்ட அளவல்ல இது, மனிதனுக்காக ஏற்பட்டது என்பதை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

அசலை அப்படியே 72ஆல் வகுத்துவிட்டால் உண்மை கிடைத்துவிடுமா? இதுதான் கேள்வி. கிடைக்காது என்பதை எந்தக் கிட்டும் ஒரு நிமிஷத்தில் நிரூபித்துவிடும்.

விமானத்தின் உடம்பு தகடுகளால் ஆனது. தகடும் தகடும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அசலில் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். 72ஆல் வகுத்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கோடே இல்லாத இறக்கை சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. யாரும் அதை விமானம் என்று நம்புவதில்லை. ஆகவே அச்சு வெட்டுகிறவன் கோட்டைப் பெரிதாக்குகிறான். கால் மில்லிமீட்டர் பள்ளம் என்றால், நிஜ விமானத்தில் 18 மில்லிமீட்டர் இடைவெளி. விமானியின் விரல் உள்ளே போகும். அப்படி ஒரு விமானம் பறக்காது. பொய்தான். ஆனால் கண் அந்தப் பொய்யைத்தான் உண்மை என்று ஒப்புக்கொள்கிறது.

ஆரம்பகாலக் கிட்டுகள் இந்தப் பொய்யை அளவு தெரியாமல் சொல்லின. கோடுகளைப் பள்ளமாக வெட்டாமல் மேடாக வார்த்தார்கள். போதாததற்கு இறக்கை முழுவதும் ரிவெட் ஆணிகளை வேர்க்குரு மாதிரி தெளித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பிட்பயரை உருவாக்கிய மிட்செல், 1937இல், 42 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த விமானத்தைப் பற்றி அவரும் அவருடைய சகாக்களும் பட்ட கவலைகளில் ஒன்று இந்த ஆணிகள். தலை புடைத்த ஆணி காற்றைத் தடுக்கும். தகட்டோடு சமமாகப் படிந்த ஆணி தடுக்காது, ஆனால் செலவு அதிகம். எங்கே புடைத்தால் பரவாயில்லை, எங்கே புடைக்கக் கூடாது? கண்டுபிடிக்க ஓர் உபாயம் செய்தார்கள். சமமாகப் படிந்த ஆணிகள்மேல் ஒவ்வொன்றாக உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். எல்லா இடத்திலும் பருப்பு இருந்தபோது வேகம் மணிக்கு ஏறக்குறைய 22 மைல் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பைச் சுரண்டிச் சுரண்டிச் சோதித்து, இறக்கையில் சமமான ஆணி அவசியம், உடம்பின் சில பாகங்களில் புடைத்ததே போதும் என்று முடிவு செய்தார்கள். ராஜ்யத்தின் தலைவிதியே அடங்கிய ஒரு யந்திரத்தைப் பட்டாணிப் பருப்பால் பரீக்ஷை செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் அவ்வளவு பாடுபட்டு அவர்கள் அமுக்கிய ஆணிகளையெல்லாம் பொம்மைக்காரர்கள் மறுபடியும் முளைக்கச் செய்துவிட்டார்கள். விவரம் அதிகமானால் நிஜம் அதிகமாகும் என்ற நம்பிக்கை. நம் நாவலாசிரியர்களிலும் சிலருக்கு இந்த நம்பிக்கை உண்டு. ஒரு பெண் அடுக்களைக்குள் நுழைந்தால், அவள் எதற்காக நுழைந்தாள் என்று நமக்குத் தெரிவதற்குள் பதினாறு பாத்திரங்களின் பெயர் தெரிந்துவிடும்.

வர்ணத்திலும் இதே தகராறு. 1940இல் ஸ்பிட்பயரின் மேற்பக்கம் அடர்பச்சையும் மண்பழுப்பும் அலையலையாக. அதே வர்ணத்தை, அசலிலிருந்து எடுத்தே டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பூசினால் மாதிரி கறுத்துப்போய் கனமாகத் தெரியும். ஏனென்றால், ஓரடி தூரத்திலிருந்து மாதிரியைப் பார்ப்பது, 72 அடி தூரத்திலிருந்து நிஜ விமானத்தைப் பார்ப்பதற்குச் சமம். அந்த 72 அடிக் காற்றும் வெளிச்சமும் சேர்ந்து வர்ணத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே அனுபவஸ்தர்கள் டப்பா வர்ணத்தில் கொஞ்சம் வெள்ளையோ இளஞ்சாம்பலோ கலக்கிறார்கள். பூசுவது விமானத்தின் நிறத்தையல்ல, விமானத்துக்கும் நமக்கும் நடுவில் உள்ள தூரத்தை. புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு இது ஒன்று மட்டும் புரிந்துவிட்டால், பிரஷ் கோடு தெரிந்தாலும் மன்னித்துவிடலாம்.

(வர்ணம் என்று எடுத்தால் சண்டைக்கும் குறைவில்லை. ஜப்பானியரின் ஜீரோ விமானம் ஆரம்பத்தில் சாம்பல் நிறமா, மஞ்சள் கலந்த சாம்பலா என்று உடைந்த தகடுகளை வைத்துக்கொண்டு பல வருஷங்களாக வாதாடுகிறார்கள். பாடபேத ஆராய்ச்சி செய்யும் நம் புலவர்கள் அந்தச் சபையில் சுலபமாகப் பொருந்திவிடுவார்கள்.)

ஆரம்பக்காரருக்கு மற்றக் காரியங்கள் எல்லாம் பொறுமைதான். இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் சந்து தெரிந்தால், வீட்டுக்கு வர்ணம் அடிப்பவர்கள் சுவருக்குச் செய்வது போல, பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். ஒரே கோட்டாகத் தடித்துப் பூசாமல் நீர்த்த வர்ணத்தை இரண்டு மூன்று கோட்டாகப் பூச வேண்டும். எனாமல் என்றால் நடுவில் ஒரு நாளாவது காயவிட வேண்டும். முதலில் வெளிர் நிறம், அதன்மேல் அடர்நிறம். கடைசியில், காகிதத்தில் அச்சிட்ட வட்டங்களையும் எழுத்துகளையும் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்ட வேண்டும்; டிகால் என்கிறார்கள். இவற்றை மங்கலான பூச்சின்மேல் நேரே ஒட்டினால் அடியில் நுண்ணிய காற்று அகப்பட்டு வெள்ளி போல் மினுங்கும். ஆகவே முதலில் பளபளக்கும் வார்னிஷ், பிறகு டிகால், பிறகு மங்கல் வார்னிஷ். பளபளப்பாக்கி மறுபடி மங்கலாக்குவது வீண்வேலை என்று தோன்றும். இல்லை.

இப்போது இந்தக் கலையில் ஒரு பாணி வந்து ஸ்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பழைய மேட்டுக்கோடுகள் போய், அழகான பள்ளக்கோடுகள் வந்துவிட்டன. அந்தப் பள்ளத்தில் கறுப்பு வர்ணத்தை நீராகக் கரைத்து ஓடவிடுகிறார்கள். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் வெளுப்பு, ஓரத்தில் கறுப்பு. மேலே எண்ணெய்க் கறை, புகைக் கறை, பெயர்ந்த வர்ணம், துரு. கைத்திறமையைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் விமானம் தையல் போட்ட மெத்தை மாதிரி இருக்கிறது. ஸ்பிட்பயரும் அப்படி, ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டும் அப்படி, பசிபிக் தீவு மணலில் உழன்ற அமெரிக்க விமானமும் அப்படி. முதல் மாதிரியைச் செய்தவன் ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்துச் செய்திருப்பான். மற்றவர்கள் அவனுடைய மாதிரியைப் பார்த்துச் செய்கிறார்கள். இலக்கியத்தில் இதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பக்காரரைப் பயமுறுத்துவதும் இந்தப் பாணிதான். கறை போடத் தெரியாதவன் கலைஞனல்ல என்று அவரை நினைக்கவைத்துவிடுகிறது.

கறை கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கறை என்று கேட்கிறேன். பாங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், தாம் முதல்முதலில் செய்த ஸ்பிட்பயரை எனக்குக் காட்டினார். பிரஷ்ஷின் தடம் நன்றாகவே தெரிந்தது. ஒரு வட்டம் சற்றுக் கோணலாக இருந்தது. கோடுகளில் கறுப்பு ஓடவில்லை, தகடுகள் வெளுக்கவில்லை. ஆனால் இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் மட்டும், வர்ணம் தேய்ந்து அடியில் உலோகம் தெரிவது போல, காய்ந்த பிரஷ்ஷால் லேசாக வெள்ளி நிறம் தொட்டிருந்தார். வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"ஒரு பக்கம் விட்டுப்போச்சே, சார்?" என்றேன்.

"விடலை. விமானி ஏறும் கதவு இடது பக்கத்தில்தானே இருக்கு? அந்த வழியாத்தான் அவன் ஏறணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஸ்பிட்பயரின் சிறு கதவு இடது புறத்தில்தான் இருக்கிறது. இடது இறக்கையின் அடிப்பாகத்தில் காலை வைத்துத்தான் விமானி உள்ளே இறங்குவான். இயந்திரத்துக்குப் பெட்ரோல் போடுகிறவனும் துப்பாக்கிக்குக் குண்டுப்பட்டை மாற்றுகிறவனும் இறக்கையில் வேறு இடங்களில் காலையும் கையையும் வைத்திருப்பார்கள். ஒரு கறை இருந்தால் அங்கே ஓர் ஆள் இருந்திருக்கிறான். ஆள் இல்லாத கறை வெறும் அலங்காரம். மெத்தைப் பாணிக்காரர்கள் இரண்டு இறக்கையிலும் சமமாக வர்ணத்தைப் பெயர்க்கிறார்கள், பார்க்கச் சீராக இருக்கிறது, யாரும் ஏறவில்லை.

இன்னொரு உதாரணம். 1940இல் ஸ்பிட்பயரின் இறக்கைக்குள் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். உயரத்தில் குளிரால் உறைந்துபோகாமல் இருக்க, துப்பாக்கி வாய்களைச் சிவப்புத் துணித்துண்டால் ஒட்டி மூடியிருப்பார்கள். சுட்டால் துணி கிழியும். பின்னால் புகைக்கறை படியும். துணி முழுசாக இருந்தால் விமானம் இன்னும் சண்டைக்குப் போகவில்லை அல்லது போய்ச் சுடாமல் திரும்பிவிட்டது. சிவப்புத் துண்டு ஒழுங்காக இருக்க, அதற்குப் பின்னால் புகை அப்பியிருக்கும் மாதிரிகளை நிறையப் பார்க்கிறேன். கிழவியை முதல் அத்தியாயத்தில் கொன்றுவிட்டு ஏழாவது அத்தியாயத்தில் பேரனுக்குத் தலை வாரவிட்ட தொடர்கதை நினைவுக்கு வருகிறது.

பையில் விமானத்தோடு வருகிற ஒரு காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1950களிலும் 60களிலும் இது வாக்கியங்களில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் உண்டு. இன்ன எண்ணுள்ள இன்ன பாகத்தை இன்னதன் பள்ளத்தில் பொருத்திக் காயவிடு என்று எழுதியிருப்பார்கள். பத்து வயதுப் பையன் பள்ளிக்கூடத்தில் வராத எத்தனையோ வார்த்தைகளை இதில் கற்றுக்கொண்டான். பிறகு பல தேசங்களுக்கும் ஒரே காகிதம் போதும் என்று வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். இப்போது படமும் அம்புக்குறியும் எண்ணும்தான். காரியம் தவறில்லாமல் நடக்கிறது. ஆனால் 14ஆம் எண்ணை 15ஆம் எண்ணோடு ஒட்டியவனுக்கு, தான் ஒட்டியது இறக்கையின் ஓரத்தில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் பலகை என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. இதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெளிப்படம் வேறு கதை. 1964இலிருந்து பத்து வருஷம் ஏர்பிக்ஸுக்காகப் படம் வரைந்தவர் ராய் கிராஸ். பின்னாளில் பாய்மரக் கப்பல்களை வரைந்து பெயர் வாங்கினார். 2024இல் நூறு வயது நிறைந்து காலமானார். அவருடைய விமானங்கள் சும்மா நிற்பதில்லை. புகை கக்கிக்கொண்டு, சாய்ந்து, நம்மேல் வந்து விழுவது போல் வரும். கண்ணாடிக் கூண்டுக்குள் தலை திருப்பிப் பார்க்கும் ஒரு மனிதன் இருப்பான். பின்னால் கம்பெனிக்காரர்கள், குழந்தைகள் மனசு கெட்டுவிடும் என்று பயந்து, மறுபதிப்புகளில் நெருப்பையும் விழும் குண்டுகளையும் அழித்துவிட்டார்கள். குண்டு போடுவதற்கென்றே செய்த விமானம் வெறும் ஆகாயத்தில் உல்லாசமாகப் பறக்கிறது. ஜெர்மன் விமானங்களின் வாலில் இருந்த ஸ்வஸ்திகத்தை ஜெர்மானியச் சட்டத்துக்கு அஞ்சி டிகால் தாளில் விட்டுவிடுவது வேறு விஷயம். அந்தச் சின்னத்தை அந்த நாட்டார் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. படத்தில் நெருப்பை அழித்ததற்கு அந்தக் காரணம் இல்லை. விற்பனைக்காக யுத்தத்தை வைத்துக்கொண்டு, அதன் அர்த்தத்தை மட்டும் துடைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த ஓர் அங்குல மனிதனிடம் வரலாம். அனேகமாக எல்லாப் பழைய கிட்டுகளிலும் அவன் இருந்தான். நாற்காலியில் உட்கார்த்திப் பசையால் ஒட்ட வேண்டிய ஒரு பிளாஸ்டிக் விமானி. சிறுவர்கள் அவனை முதலில் ஒட்டுவார்கள். பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்டால், உருவம் சரியாக வார்க்கப்படவில்லை, உள்ளே உள்ள கருவிப் பலகையை மறைக்கிறது என்கிறார்கள். நாற்காலிப் பட்டைகளைத் தனியாக வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, மயிரிழை தவறாமல் மாட்டுகிறார்கள். கட்டிக்கொள்ளப் பட்டை இருக்கிறது, ஆள் இல்லை. எந்த மனிதனை ஓர் அங்குலமாக்குவதற்காக இந்த அளவே ஏற்பட்டதோ, அவனை டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டு, அளவு பிசகாமல் செய்திருக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தின் மாதிரி என்றால் ஒப்புக்கொள்ளலாம். 1940 செப்டம்பர் என்று பீடத்தில் எழுதிவிட்டு இப்படிச் செய்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

டிகால் தாளில் உள்ள எழுத்துகளைச் சற்று உற்றுப் பாருங்கள். ஸ்பிட்பயரின் உடம்பில் மூன்று எழுத்துகள் இருக்கும். இரண்டு அதன் ஸ்குவாட்ரனைக் குறிப்பவை. மூன்றாவது அந்தத் தனி விமானத்துக்கு. ஏ, இஸட் என்றிருந்தால் அது 234ஆம் ஸ்குவாட்ரன். இந்த எண்ணோடு பிரிட்டிஷ் விமானப்படை ஆவணங்களில் ஒரு பெயரும் சேர்ந்திருக்கிறது: மதராஸ் மாகாணம். 79, 264 என்ற இன்னும் இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கும் அதே பெயர். யுத்தத்துக்காக இங்கிருந்து போன நன்கொடைக்கு அவர்கள் செய்த மரியாதை. இங்கே பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் மனமார்ந்து கொடுத்தார்கள், எத்தனை பேர் கலெக்டர் முகத்துக்காகக் கொடுத்தார்கள் என்பது தனி நாவலுக்கு விஷயம். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்த ஸ்குவாட்ரன் 1940 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தென் இங்கிலாந்தில் மிடில் வாலப் என்ற தளத்திலிருந்து ஸ்பிட்பயர்களில் சண்டையிட்டது. அதில் பேர்போனவர் பாட் ஹியூஸ் என்ற ஆஸ்திரேலியர். செப்டம்பர் 7ஆம் தேதி கெண்ட் ஜில்லாவின்மேல் ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தைத் தாக்கியபோது இறந்தார். வயது 22. கல்யாணமாகி ஆறு வாரம் ஆகவில்லை.

அவர் கடைசியாக ஏறிய விமானத்தின் எண் எக்ஸ் 4009. முதல் தடவை செய்கிறவர் யாராவது ஏ, இஸட் எழுத்துகள் உள்ள டிகால் தாள் கிடைத்து, அதையே செய்வதென்று உட்கார்ந்தால், என் அபிப்பிராயத்தில் மெத்தைத் தையல் ஒன்றும் வேண்டாம். மேலே பச்சையும் பழுப்பும், கொஞ்சம் வெளுத்து. கீழே வெளிறிய வானத்தின் நிறம். இடது இறக்கையின் அடியில் லேசாக வெள்ளி. சிவப்புத் துணிகள் கிழிந்திருக்கட்டும். ஓர் அங்குல மனிதனுக்கு முகம் தீட்டுவது கஷ்டம்; கண் வைக்க முயல வேண்டாம், முகத்தின் நிறமும் தலைக்கவசத்தின் பழுப்பும் போதும். அவனை உட்காரவைத்த பிறகு கண்ணாடிக் கூண்டை ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் பசையையோ உடனே பிடிக்கும் பசையையோ உபயோகிக்கக் கூடாது. கண்ணாடி புகைந்துபோய் உள்ளே யாரும் தெரியமாட்டார்கள். காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை ஊசிமுனையால் ஓரத்தில் தொட்டு வைத்தால் போதும். காய்ந்தபின் அது இருப்பதே தெரியாது.